சோக்கும் ஸ்லக்கும்: ஒஹையோவுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இது. கொலம்பஸுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, எச்-1பி விசா. ஆபீஸ் நண்பர் ஒருவர் தேங்க்ஸ்கிவிங் முடிந்ததும் தொடங்கும் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார். தன்னிடம் உள்ள 20 கேஜ் ஷாட்கன், அதைவிடச் சிறு குழலுள்ள 410 ஷாட்கன் இரண்டில் எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்கிறார். 20 கேஜின் வாயில் ஃபுல் சோக், அதாவது வாயை நன்றாகச் சுருக்கும் குழாய், மாட்டியிருக்கிறது. அதில் ஸ்லக் என்னும் ஒற்றைக் குண்டுத் தோட்டா போடலாமா, குழல் வெடித்துவிடுமா, 410 மானுக்குப் போதுமா?

நான் இங்கே வந்து பதினேழு வருடம் ஆயிற்று, வேட்டைக்குப் போவது பத்து வருடமாக. சோக்கைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் உங்கள் விசாவைப் பேசியாக வேண்டும்.

எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி குற்றம். நண்பருடைய துப்பாக்கிதானே, ஒரு மணி நேரம்தானே என்பதெல்லாம் பதிலாகாது. அந்தச் சட்டத்தில் சில விலக்குகள் உண்டு. நமக்குப் பொருந்துவது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது. ஆகவே முதலில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு, பிறகு உரிமம், மானுக்குத் தனி பெர்மிட். இவை கைக்கு வரும்வரை அந்தத் துப்பாக்கியைத் தொடாதீர்கள். கிரீன் கார்டு கனவோடு வந்திருக்கிறீர்கள், இதில் விளையாட வேண்டாம். கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் குடியேற்ற வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சரி, இப்போது குழலுக்கு வருவோம்.

ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான உருண்டைகளாக உருட்டி, அந்த உருண்டை குழலுக்குள் கச்சிதமாக நுழைந்தால், மொத்தம் எத்தனை உருண்டை வந்ததோ அதுதான் கேஜ். அதனால்தான் எண் கூடக் கூடக் குழல் சிறுக்கிறது. 12 கேஜின் உள்விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர், 20 கேஜ் 15.6. 410 மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது நேரடியாக அங்குலம்: 0.410 அங்குலம், அதாவது 10.4 மில்லிமீட்டர். ஊரில் போலீஸ்காரர் தோளில் ஒரு காலத்தில் தொங்கிய 410 மஸ்கட்டை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அதன் தோட்டா பழைய 303 தோட்டாவிலிருந்து வந்தது, இந்த ஷாட்கன் தோட்டா வேறு. எண் ஒன்றாக இருப்பதை வைத்து இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சோக் என்பது குழலின் வாயருகே இருக்கும் சுருக்கம். நூற்றுக்கணக்கான சிறு ஈயக்குண்டுகள் வெளியேறும்போது அவை சீக்கிரம் சிதறாமல் கொஞ்சம் கூட்டமாகப் போவதற்காக வைத்தது. 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் எத்தனை விழுகிறது என்று அளப்பார்கள். ஃபுல் என்றால் சுமார் 70 சதவீதம், மாடிஃபைடு 60, இம்ப்ரூவ்ட் சிலிண்டர் 50, சுருக்கமே இல்லாத சிலிண்டர் 40. வான்கோழிக்கும் பறவைக்கும் இந்தக் கணக்கு முக்கியம். ஸ்லக் ஒற்றைக் குண்டு. அதில் கூட்டி வைப்பதற்கு ஒன்றுமே இல்லை. நீங்கள் கேட்டதற்கு முக்கால்வாசிப் பதில் இதிலேயே வந்துவிட்டது.

20 கேஜில் ஃபுல் சோக்கின் சுருக்கம் ஏறக்குறைய 0.025 அங்குலம். நம் கைவிரல் நகத்தின் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஆனால் முக்கால் அவுன்ஸ் ஈயக்கட்டி நொடிக்கு 1600 அடி வேகத்தில் அந்த இடுக்கைக் கடக்கிறது. சாதாரண ரைஃபிள்டு ஸ்லக்கின் பக்கங்களில் சாய்வாக வரிகள் இருக்கும். அவை குண்டைச் சுழற்றும் என்று பலர் நினைக்கிறார்கள். சுழற்சி இருந்தாலும் மிகக் கொஞ்சம்தான். குறுகலான வாய் வழியாகப் போகும்போது நசுங்கிக்கொடுப்பதற்குத்தான் அந்த வரிகள் உதவுகின்றன. குண்டை நேராகப் போக வைப்பது அதன் உருவம்: முன்பக்கம் கனம், பின்பக்கம் குடைவு, நம் இறகுப்பந்து மாதிரி. 1930களில் கார்ல் ஃபாஸ்டர் என்பவர் செய்த வடிவம் என்பதால் ஃபாஸ்டர் ஸ்லக் என்றே அழைக்கிறார்கள்.

ஆகவே, ஃபுல் சோக்கில் ஒரு ஃபாஸ்டர் ஸ்லக் போய்விட்டது என்பதற்காக உடனே குழல் பிளந்துவிடும் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஈயம் கண்டபடி நசுங்கும், குறி கெடும், சோக் குழாய்க்கும் தேவையில்லாத அழுத்தம். வான்கோழிக்கென்று விற்கும் இன்னும் இறுக்கமான சோக்காக இருந்தால் வேண்டவே வேண்டாம். கழற்றிவிட்டு இம்ப்ரூவ்ட் சிலிண்டரையோ சிலிண்டரையோ மாட்டச் சொல்லுங்கள். சோக் இல்லாமல் வெறும் மரையோடு சுடக் கூடாது, மரை பாழாகும்.

துப்பாக்கியைத் திறந்து, தோட்டா உட்காரும் அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு, கழற்றிய சோக்கின் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பல கம்பெனிகள் அங்கே சிறு வெட்டுகள் போட்டிருக்கும். ஒரு வெட்டு என்றால் ஃபுல், மூன்று மாடிஃபைடு, நான்கு இம்ப்ரூவ்ட் சிலிண்டர். வெட்டு கூடினால் வாய் அகலம். எதற்கும் பக்கத்தில் பொறித்திருப்பதையும் படித்துவிடுங்கள். நண்பர் சொன்னார் என்று மட்டும் நம்பாதீர்கள்.

கடையில் சேபட் ஸ்லக் என்றும் ஒன்று விற்கும், விலை கூடுதல். பிளாஸ்டிக் உறைக்குள் சிறிய குண்டு. அது உள்ளே சுழல்வரி வெட்டிய குழலுக்கானது. வழுவழுப்பான குழலில் அது சுழலாது, நிலை தடுமாறி எங்கேயோ போகும். வாங்காதீர்கள்.

410 விஷயத்தில் என் கருத்து கறாரானது. ஒஹையோவில் 10 கேஜும் அதற்குச் சிறியவையும் ஸ்லக்கோடு மானுக்கு அனுமதி, 410 அதில் அடங்கும். எல்லா மாநிலங்களிலும் அப்படி இல்லை. ஆனால் சட்டம் அனுமதிப்பது வேறு, மானுக்குச் செய்வது வேறு. வழக்கமான 410 ஸ்லக் ஐந்தில் ஒரு பங்கு அவுன்ஸ். வாயிலிருந்து புறப்படும்போது அதன் சக்தி ஏறக்குறைய 650 அடி-பவுண்டு. 20 கேஜின் முக்கால் அவுன்ஸ் ஸ்லக்குக்கு 1850க்கு மேல். பழகிய கை, 30 கஜத்துக்குள், அசையாமல் நிற்கும் மான் என்றால் 410 வேலை செய்யும். முதல் முறை போகிறவர் கையில் அது காயப்பட்ட மானைக் காட்டுக்குள் அனுப்பும். இரவெல்லாம் ரத்தத்தடம் தேடி ஒருவரோடு நடந்திருக்கிறேன். அந்த மான் கிடைக்கவில்லை. 20 கேஜையே எடுங்கள்.

இன்னொன்று. நண்பரிடம் 12 கேஜும் இருக்குமானால் சட்டைப்பையைக் கவனியுங்கள். என் வகுப்பில் ஆசிரியர் மருந்து இல்லாத ஒரு 20 கேஜ் தோட்டாவை 12 கேஜ் குழலுக்குள் விட்டுக் காட்டினார். வழுக்கிக்கொண்டு அறையைத் தாண்டிப் போய் 'டக்'கென்று நின்றது. பின்னால் இருந்து பார்த்தால் அறை காலி மாதிரியே தெரிந்தது. அதன் பின்னால் 12 கேஜ் தோட்டா ஒன்றைத் தள்ளினார், அழகாக உட்கார்ந்தது. குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபோது ஒரே இருட்டு. அந்த நிலையில் சுட்டால் குழல் வெடித்துக் கை போகும். இதற்காகவே 20 கேஜ் தோட்டாவை மஞ்சளாகச் செய்கிறார்கள். ஒரே நாளில் இரண்டு கேஜை ஒரு பையில் கலக்காதீர்கள். தோட்டாவின் நீளமும் குழலில் பொறித்திருக்கும். 2¾ அங்குலம் என்று இருந்தால் 3 அங்குலத் தோட்டா போடக் கூடாது.

உரிமம் வந்ததும் சுடுதளத்துக்குப் போங்கள், கண்ணாடியும் காதடைப்பும் போட்டுக்கொண்டு. முதலில் 25 கஜம், மூன்று குண்டு. பிறகு 50. எந்த சோக்கில் மூன்றும் நெருக்கமாக விழுகிறதோ அதையே வேட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழலும் ஒரு ஸ்லக்கை விரும்பும், புத்தகத்தில் அது இருக்காது. 50 கஜத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் மூன்றும் விழவில்லை என்றால் கிட்டே வரும் மானை மட்டும் சுடுங்கள். பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் சுடவே வேண்டாம். குறி தப்பிய ஸ்லக் அரை மைல்கூடப் போகும்.

ஆரஞ்சு மேல்சட்டை கட்டாயம். துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏற்றக் கூடாது. மற்றதெல்லாம் வகுப்பில் சொல்லித் தருவார்கள்.

உரிமம் கைக்கு வந்ததும் எழுதுங்கள். நவம்பரில் ஒரு சனிக்கிழமை நண்பரையும் கூட்டிக்கொண்டு சுடுதளத்துக்கு வாருங்கள், நானும் வருகிறேன். குறி பார்த்துச் சுடும் தாள் என்னிடம் இருக்கிறது. நீங்கள் அந்த இம்ப்ரூவ்ட் சிலிண்டரையும் இரண்டு வகை ஸ்லக்கில் ஒவ்வொரு பெட்டியும் கொண்டு வந்தால் போதும்.