செய்திக்குக் கீழே ஒரு சண்டை: வாசகர் கேள்வி–பதில்

கே: செய்தியைப் படித்து முடித்ததும் விரல் தானாகக் கமென்ட் பகுதிக்குப் போய்விடுகிறது. அரை மணி நேரம் கழித்து எரிச்சல்தான் மிச்சம். படித்த செய்தி நினைவில் இல்லை. ஏன் இப்படி?
– வாசகி, கும்பகோணம்

ப: நினைவில் நிற்காதது போகட்டும், செய்தியே உங்களுக்கு வேறாகத் தெரிய ஆரம்பித்திருக்கும். அமெரிக்காவின் விஸ்கான்சின்–மாடிசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நானோ வெள்ளி எனப்படும் மிக நுண்ணிய வெள்ளித் துகள்களைப் பற்றிய ஒரே கட்டுரையைப் பலரிடம் கொடுத்தார்கள். சிலருக்குக் கீழே நாகரிகமான கமென்ட்டுகள், மற்றவர்களுக்கு வசவுகள். வசவைப் படித்தவர்களிடம், இதில் ஆபத்து உண்டா என்பதில் கருத்துப் பிளவு கூடியது. கட்டுரையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை! இந்த ஆய்வைக் காட்டித்தான் 'பாப்புலர் சயின்ஸ்' இதழ் 2013 செப்டம்பரில் தன் தளத்தில் கமென்ட் பகுதியை மூடியது.

கமென்ட்டே கூடாது என்பதில்லை, வரிசைதான் முக்கியம். படித்ததை முதலில் ஒரே வாக்கியத்தில் உங்களுக்கே சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லையா? கீழே இறங்காமல் மேலே போய் மறுபடி படியுங்கள். ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி இரண்டிலும் 'ரீடர்' வசதி உண்டு. அதைத் தட்டினால் பெரும்பாலும் கட்டுரை மட்டுமே நிற்கும். விளம்பரம், கமென்ட் எல்லாம் மறைந்துவிடும்.

கே: செய்தி ஆப்பையே நீக்கிவிட்டேன். இருந்தும் 'பரபரப்பு', 'அதிர்ச்சி' என்று நோட்டிஃபிகேஷன் வந்துகொண்டே இருக்கிறதே?
– வாசகர், ஓசூர்

ப: வருவது ஆப்பிலிருந்து அல்ல, பிரவுசரிலிருந்து. என்றோ ஒரு தளத்தில் அவசரத்தில் 'அலோ' தட்டியிருப்பீர்கள். ஆண்ட்ராய்டு குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றாகத் தொட்டு நிறுத்துங்கள். மேலே உள்ள பொதுவான சுவிட்சையும் அணைத்துவிட்டால் புதிய தளங்கள் கேட்கவே கேட்காது. பலர் இந்தச் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு, பழைய அனுமதிகளை அப்படியே விட்டுவிடுவார்கள். தொல்லை தொடர்வது அதனால்தான்.

கே: பெரிய விபத்து நடந்தால் நாள் முழுக்க நேரலை பார்க்கிறேன். தவறா?
– வாசகர், தேனி

ப: 2013 பாஸ்டன் குண்டுவெடிப்புக்குப் பின் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. அடுத்த ஒரு வாரம் தினமும் 6 மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்தியில் மூழ்கியவர்களுக்கு, சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிட மன அழுத்த அறிகுறிகள் அதிகம். இயல்பிலேயே பதறுகிறவர்கள்தான் அதிகம் பார்த்திருப்பார்கள் என்றும் வாதிடலாம். எப்படியானாலும், காலை ஒரு முறை, மாலை ஒரு முறை எழுத்தில் படியுங்கள். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டும் வீடியோவை விட்டுவிடுங்கள்.