எண்ணெய்க் கிணற்று நீரில் வாழும் வெப்பப் பாக்டீரியா: கேள்வி பதில்

எண்ணெய் வயல்களிலிருந்து வரும் நீரைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை என்று சொன்னதும் வந்து குவிந்த கேள்விகளில் சில.

கலா, ஈசூன், சிங்கப்பூர்: காற்றே இல்லாத ஆழத்தில், அந்தச் சூட்டில் இந்தப் பாக்டீரியா எப்படி அண்ணா உயிர் பிழைக்கும்?

நமக்கு ஆக்சிஜன் எப்படியோ, இவற்றில் ஒரு வகைக்குச் சல்பேட் என்ற கந்தக உப்பு அப்படி. இன்னொரு வகை சர்க்கரைகளை நொதிக்க வைத்தே காலம் தள்ளும். 1926இலேயே சிகாகோ பல்கலைக்கழகப் புவியியலாளர் எட்சன் பாஸ்டின், எண்ணெய்க் கிணற்று நீரில் சல்பேட்டைத் தின்னும் பாக்டீரியா உண்டு என்று எழுதினார். ஜப்பானின் நீகாத்தா பகுதியில், குபிகி என்ற நிலத்தடி எண்ணெய்த் தேக்கத்தில் கிடைத்த தெர்மோடோகா பெட்ரோஃபிலா என்ற பாக்டீரியா 80 டிகிரியில்தான் செழிப்பாக வளரும். நுண்ணோக்கியில் பார்த்தால், இரண்டு முனையிலும் தொளதொளவென்று தொங்கும் உறையோடு சின்னக் குச்சியாகத் தெரியும்.

ஆரிஃப், ஜூனியர் கல்லூரி மாணவர்: ஆய்வகத்தில் வளர்க்கும்போது காற்று புகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள்?

தடித்த ரப்பர் மூடி போட்ட புட்டியில் நைட்ரஜனை நிரப்பி, ஊசி வழியாகத்தான் எல்லாம் ஏற்றுவோம். ரெசசூரின் என்ற சாயம் ஒரு சொட்டு சேர்ப்போம். புட்டி இளஞ்சிவப்பாக இருந்தால் ஆக்சிஜன் இருக்கிறது, நிறமே இல்லையென்றால் நிம்மதி. வழக்கமாகப் பயன்படுத்தும் கடற்பாசிக் கூழான அகார் இந்தச் சூட்டில் இளகிவிடும் என்பதால் தட்டில் வளர்க்க ஜெல்லன் பசை.

முருகன், எண்ணெய் மேடையில் வேலை: எங்கள் கிணற்றில் முதலில் வாடையே இல்லை. சில வருஷம் கழித்து அழுகிய முட்டை நாற்றம். ஏன் அண்ணே?

தம்பி, அழுத்தம் குறையாமலிருக்கக் கடல்நீரை உள்ளே செலுத்துகிறார்கள் அல்லவா? ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 2.7 கிராம் சல்பேட். அதோடு, நீர் செலுத்தும் கிணற்றைச் சுற்றியுள்ள கொதிக்கிற பாறையை அந்தக் குளிர்ந்த நீர் ஆறவைக்கிறது. முன்பு 120 டிகிரியில் எதுவும் வாழாத இடம், இப்போது 60, 70 டிகிரி. சாப்பாடும் வந்தாயிற்று, வீடும் கிடைத்தாயிற்று. பாக்டீரியா சல்பேட்டைத் தின்று, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை வெளியே விடும். குழாய் அரிப்பதும், நீர் கறுப்பதும் அதனால்தான். கறுப்பு, இரும்பு சல்ஃபைடு. பல இடங்களில் நைட்ரேட் கலந்து செலுத்துகிறார்கள். நைட்ரேட்டை உண்ணும் பாக்டீரியா முந்திக்கொண்டு சல்பேட்காரர்களைப் பட்டினி போடும். என் கருத்தில், கிருமிக்கொல்லியை மட்டும் கொட்டுவதைவிட இது புத்திசாலித்தனம்.

ஒன்று மட்டும்: மூக்கை நம்பாதே. காற்றில் அந்த வாயு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவுக்கு ஏறினால் நாற்றம் தெரியாமலே போய்விடும். வாயு மீட்டர் சத்தம் போட்டால் உடனே காற்று வீசி வரும் பக்கமாக, உயரமான இடத்துக்கு விலகிப் போ.

சாந்தி, செம்பவாங்: நம் செம்பவாங் வெந்நீர் ஊற்றிலும் இந்தப் பாக்டீரியா இருக்குமா? அங்கே முட்டை வேகவைக்கிறோமே!

ஊற்றுநீர் சுமார் 70 டிகிரி, சூடு போதும். ஆனால் வாளியில் பிடித்த நீரில் காற்று கலந்துவிடும். இந்த வகைக்கு அது ஒத்துவராது. முட்டையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள் அக்கா.