பொது மருத்துவமனைகளில் புற்றுநோய்ச் சிகிச்சை மேம்பட முதலில் என்ன செய்ய வேண்டும்?

கேள்வியைப் பார்த்ததுமே, உங்கள் வீட்டிலும் யாரோ கோப்பும் கையுமாக ஏதோ ஒரு வரிசையில் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தவறென்றால் மன்னிக்கவும். பொழுதுபோகாமல் இதைக் கேட்பவர்களை நான் பார்த்ததில்லை.

புதிய கருவி வேண்டும், பெரிய கட்டடம் வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் என் அம்மாவின் சிகிச்சை கருவி இல்லாமல் நிற்கவில்லை. ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குக் காகிதம் போகாமல் நின்றது.

மார்பில் கட்டி என்று பொது மருத்துவமனைக்குப் போனோம். அதிலிருந்து 17ஆம் நாள் பரிசோதனைக்காகக் கட்டியிலிருந்து சிறிது சதை எடுத்தார்கள். சதை கெடாமலிருக்க ஃபார்மலின் என்ற திரவம் ஊற்றிய சிறிய குப்பியை என்னிடமே கொடுத்து ஆய்வகத்தில் சேர்க்கச் சொன்னார்கள். மூடி சரியாக இறுகவில்லை. ஒரு சொட்டு கசிந்து, ஒட்டியிருந்த சீட்டில் பேனா எழுத்து நீலமாகப் பரவிவிட்டது. வாங்கியவர் கண்ணைச் சுருக்கிப் படித்து, 4172 என்பதை 4127 என்று பதிவேட்டில் ஏற்றினார். அது அப்போது எனக்குத் தெரியாது. வாரம் இரண்டு முறை போய்க் கேட்பேன். "இன்னும் வரவில்லை" என்பார்கள். ஐந்து வாரம் கழித்து ஆய்வகத்துக்குள்ளேயே நுழைந்து அழாத குறையாகக் கேட்டபோது, ரப்பர் பேண்ட் போட்ட கட்டு ஒன்றிலிருந்து ஓர் அம்மாள் ரிப்போர்ட்டை உருவி எடுத்தார். "சதை கொடுத்த ஒன்பதாம் நாளே கையெழுத்தாகிவிட்டதே, ஏன் வந்து வாங்கவில்லை?" என்று என்னையே கேட்டார்.

அதோடு முடியவில்லை. புற்றுநோய் உயிரணுக்களில் ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2 என்ற புரதமும் எப்படி இருக்கின்றன என்று பார்த்தால்தான் எந்த மருந்து என்று தீர்மானிக்க முடியுமாம். அதே சதையில் அப்போதே பார்த்திருக்கலாம். யாரும் எழுதி அனுப்பவில்லை. மறுபடி சீட்டு, மறுபடி வரிசை. எல்லாம் கைக்கு வந்தபோது 83ஆம் நாள். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வந்தேன். அந்த 83 நாட்களில் அம்மாவை யாராவது தொட்டுப் பார்த்தது, ஊசி போட்டது, படம் எடுத்தது எல்லாம் சேர்த்து ஆறே நாட்கள்.

மார்பகப் புற்றுநோயை 60 நாட்களுக்குள் உறுதிசெய்துவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் இலக்கு வைத்திருக்கிறது. சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போனாலே இறப்பு அபாயம் 6 முதல் 13 சதவீதம் வரை கூடுகிறது என்று 2020இல் ஏழு வகைப் புற்றுநோய்களை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது. இதையெல்லாம் பின்னால்தான் படித்தேன். அப்போதே படித்திருந்தால் தூக்கம் போயிருக்கும்.

மருத்துவர்களைக் குறை சொல்கிறாள் என்று யாரும் கிளம்ப வேண்டாம். பிற்பகல் மூன்று மணி வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் நோயாளிகளைப் பார்த்த மருத்துவரை என் கண்ணால் பார்த்தேன். தனியாருக்கு வக்காலத்து வாங்கவும் வரவில்லை. அம்மாவுக்கு மருந்து கொடுத்ததும் கதிர்வீச்சு கொடுத்ததும் அதே பொது மருத்துவமனைதான்.

குறை சொல்ல வேண்டுமென்றால் என் தம்பியைச் சொல்வேன். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு தினமும் இரவு தொலைபேசியில் "நீ அழுத்திக் கேட்கவில்லை, அக்கா" என்பான். அழுத்திக் கேட்பதற்கும் டோக்கன் வாங்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. ஒரு நாள்கூட வந்து நிற்கவில்லை. போகட்டும்.

என் பதில் இதுதான்: நோயாளிக்கு வழிகாட்ட ஓர் ஆளைப் போடுங்கள். சந்தேகம் என்று எழுதிய நாள் முதல் சிகிச்சை தொடங்கும் நாள் வரை, ரிப்போர்ட் எங்கே கிடக்கிறது என்று தேடுவது அந்த ஆளின் வேலையாக இருக்கட்டும், மகளின் வேலையாக வேண்டாம். இது என் கற்பனையல்ல. நியூயார்க்கின் ஹார்லெம் பொது மருத்துவமனையில் ஹெரால்டு ஃபிரீமன் என்ற அறுவை மருத்துவர் 1990இல் இதைத் தொடங்கினார். அங்கே மார்பகப் புற்றுநோயாளிகளில் ஐந்தாண்டு உயிரோடிருந்தவர்கள் முன்பு 39 சதவீதம். பிறகு 70 சதவீதம். இலவசப் பரிசோதனையும் சேர்ந்து கிடைத்த பலன் அது, வழிகாட்டியால் மட்டும் வந்ததல்ல. ஆனால் பரிசோதனையில் கட்டி தெரிந்த பிறகு ஆள் தொலைந்துபோனால் அந்தப் பரிசோதனையால் என்ன பயன்?

கதிர்வீச்சு வரிசையைக் குறைக்கவும் புதிய கருவி மட்டுமே வழியல்ல. ஆரம்பக் கட்ட மார்பகப் புற்றுநோய்க்கு, மூன்று வாரத்தில் 15 முறை கொடுப்பதற்குப் பதில் ஒரே வாரத்தில் 5 முறை கொடுத்தாலும் பலன் குறையவில்லை என்று 2020இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு சொன்னது. எல்லோருக்கும் பொருந்தாது, மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். பொருந்துகிறவர்களுக்குக் கொடுத்தாலே அதே கருவியில் இன்னும் பலருக்கு இடம் கிடைக்கும்.

நீங்கள் இப்போது வரிசையில் நிற்பவராக இருந்தால், சதையை ஆய்வகத்தில் கொடுக்கும்போது பதிவேட்டில் ஏறிய எண்ணை நீங்களே எட்டிப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஹார்மோன் ஏற்பி, ஹெர்-2 பரிசோதனைகளுக்கும் சேர்த்து எழுதியாயிற்றா என்று அன்றே கேளுங்கள். முறைப்பார்கள், பரவாயில்லை.

அம்மா நன்றாக இருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் வருகிறோம். தம்பி நேற்றுகூட ஏதோ புதிய கதிர்வீச்சுக் கருவியைப் பற்றி ஒரு காணொளி அனுப்பியிருந்தான்.