மூன்றாவது வெப்கேம் ஏன் கறுப்பாகவே நிற்கிறது?

தம்பியின் கேள்வி சுருக்கமாக இது. லண்டன் குராய்டனில் மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த, வரிசையாக ஒட்டிக் கட்டிய டெரஸ் வீடு. வாசலில் வைத்த பார்சல் இரண்டு தடவை காணாமல் போயிருக்கிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரே மாடல் யூஎஸ்பி வெப்கேம் நாலும், விண்டோஸ் ஓடும் பழைய டெஸ்க்டாப் ஒன்றும் கையில் இருக்கின்றன. இரண்டு கேமரா ஓடுகிறது, மூன்றாவதைச் செருகினால் கறுப்புத் திரைதான். பிராசஸர் போதவில்லையா, புதுக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டுமா?

வாங்க வேண்டாம். முட்டுவது பிராசஸர் இல்லை, யூஎஸ்பி தடம்.

யூஎஸ்பி 2.0-இன் வேகம் நொடிக்கு 480 மெகாபிட். வீடியோ மாதிரி இடைவிடாமல் ஓடும் சரக்குக்கு அதில் 80 சதவீதம்தான் ஒதுக்கலாம், அதாவது 384. உங்கள் கேமரா 640 x 480 அளவில், நொடிக்கு 30 படம், சுருக்காத ஒய்யூஒய்2 வடிவத்தில் அனுப்பினால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 147 மெகாபிட் தின்னும். இரண்டுக்கு 294, இடம் இருக்கிறது. மூன்றுக்கு 441, இடம் இல்லை. கேமரா ஓடத் தொடங்கும்போதே தனக்கு வேண்டியதை முன்பதிவு செய்துகொள்ளும். அந்த முன்பதிவு கிடைக்காவிட்டால் படம் விட்டு விட்டு வருவதுகூட இல்லை, அடியோடு வராது. லினக்ஸில் இதே கோளாறு ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்று காட்டும். ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று நினைத்துக் கோப்புகளை அழிக்க உட்காருபவர்கள் நிறைய.

ஹப் வாங்கினால் தீராது. ஒரே குழாயில் நாலு திறப்பு வைத்தால் தண்ணீர் கூடுமா? யூஎஸ்பி 3 ஹப் என்றாலும் அதேதான். யூஎஸ்பி 2 கேமரா அதற்குள் இருக்கும் பழைய 480 தடத்தில்தான் போகும். டெஸ்க்டாப்பின் முன்பக்கம், பின்பக்கம் என்று மாற்றிச் செருகுவதும் பல மதர்போர்டுகளில் வீண், எல்லாத் துளையும் ஒரே கன்ட்ரோலரில், அதாவது யூஎஸ்பியை நடத்தும் சிப்பில்தான் போய்ச் சேரும். டிவைஸ் மேனேஜரில் வியூ மெனுவைத் திறந்து ‘டிவைசஸ் பை கனெக்‌ஷன்’ தேர்ந்தெடுத்தால் எந்தக் கேமரா எந்தக் கன்ட்ரோலரின் கீழ் தொங்குகிறது என்று மரம் மாதிரி தெரியும்.

முதலில் காசில்லாத வழியைப் பாருங்கள். கண்காணிப்பு மென்பொருளில் கேமராவின் வடிவத்தை எம்ஜேபெக் ஆக்குங்கள். கேமராவே படத்தைச் சுருக்கி அனுப்புவதால் சுமை பல மடங்கு குறையும். அது இல்லாத மாடல் என்றால் நொடிக்கு 15 படம் போதும், 147 என்பது 74 ஆகிவிடும். ஒன்றைக் கவனியுங்கள்: பதிவாகும் வேகத்தைக் குறைப்பது வேறு, கேமராவிடம் கேட்கும் வேகத்தைக் குறைப்பது வேறு. முதலாவது டிஸ்க்கை மட்டுமே மிச்சப்படுத்தும்.

சில மலிவான கேமராக்கள் எம்ஜேபெக்கிலும் அடாவடியாக உச்ச அளவையே, அதாவது 196 மெகாபிட்டை, முன்பதிவு செய்யும். அப்படிப்பட்டவை ஒரு தடத்தில் இரண்டுகூடச் சேராது. உங்களுடையதில் இரண்டு ஓடுவதால் அந்தத் தொல்லை இருக்காது என்றே தோன்றுகிறது.

எம்ஜேபெக்கும் கைகொடுக்காவிட்டால் டெஸ்க்டாப்பைத் திறந்து மதர்போர்டில் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் யூஎஸ்பி கார்டு ஒன்று போதும். துளை எத்தனை என்று பார்க்காதீர்கள், சிப் எத்தனை என்று பாருங்கள். நாலு துளை கார்டில் பெரும்பாலும் ஒரே கன்ட்ரோலர்தான். உங்களுக்கு அதுவே போதும்: இரண்டு கேமரா மதர்போர்டில், இரண்டு கார்டில். கார்டில் சாட்டா மின்இணைப்பு (டெஸ்க்டாப்பின் பவர் சப்ளையிலிருந்து வரும் கேபிளுக்கான இடம்) இருந்தால் மறக்காமல் கொடுங்கள். ஹப் போட்டே ஆக வேண்டும் என்றால் தனி அடாப்டர் உள்ளதாக வாங்குங்கள். யூஎஸ்பி 2 துளை தருவது 500 மில்லி ஆம்பியர். அடாப்டர் இல்லாத ஹப்பில் அதை எல்லாக் கேமராவும் பங்குபோட்டுக்கொள்வதால், கொஞ்ச நேரம் ஓடிவிட்டுக் கேமரா காணாமல் போகலாம்.

கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை. பின்கட்டுக்கு யூஎஸ்பி இழுக்காதீர்கள். அங்கே நெட்வொர்க்கில் இணையும் ஐபி கேமரா ஒன்று வைத்து, ஆர்டிஎஸ்பி (நெட்வொர்க் வழியே வீடியோ அனுப்பும் முறை) வழியாக இதே மென்பொருளில் சேர்ப்பதுதான் நிம்மதி. நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் போகும். என்னைக் கேட்டால் வெப்கேம் மூன்று, ஐபி கேமரா ஒன்று என்பதே சரியான கூட்டு.

மென்பொருளுக்கு விண்டோஸில் ஏஜென்ட் டிவிஆர் நல்லது. வீட்டுக்குள் பார்க்க இலவசம், வெளியிலிருந்து அவர்கள் சேவை வழியாகப் பார்க்கக் காசு. எப்படியானாலும் வெளியிலிருந்து நேரே உள்ளே வரும்படி ரவுட்டரில் போர்ட் திறந்துவிடாதீர்கள். ஒரே மாடல் கேமராக்கள் ஒரே பெயரில் தெரியும், ரீஸ்டார்ட் செய்தபின் இடம் மாறவும் செய்யும். ஒவ்வொன்றாகச் செருகிப் பெயர் கொடுத்து, துளைக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, அதன்பின் இடம் மாற்றாதீர்கள். கம்ப்யூட்டர் தூங்கிவிடும் ஸ்லீப்பையும், மின்சாரம் மிச்சம்பிடிக்க யூஎஸ்பி சாதனத்தைத் தூங்கவைக்கும், பவர் ஆப்ஷன்ஸில் உள்ள ‘யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’டையும் அணைத்துவிடுங்கள்.

தொடர்ந்து பதிவு செய்தால் நொடிக்கு ஒரு மெகாபிட் ஓட்டம் நாளைக்கு 10.8 ஜிபி. கேமராவுக்கு இரண்டு மெகாபிட் என்றால் நாலுக்கும் 86 ஜிபி, 1 டிபி டிஸ்க் பதினோரு நாளில் நிரம்பும். அசைவு இருந்தால் மட்டும் பதிவு என்று வைத்து, அசைவுப் பகுதியை வாசற்படியைச் சுற்றி மட்டும் வரையுங்கள். தெரு முழுக்க விட்டால் காரின் ஹெட்லைட் ஒவ்வொன்றும் ஒரு கிளிப்.

கரண்ட் பில்லையும் யோசியுங்கள். 60 வாட் டெஸ்க்டாப் இரவு பகலாக ஓடினால் வருடத்துக்கு 525 யூனிட். யூனிட் 25 பென்ஸ் என்று வைத்தாலே 131 பவுண்டு. 12 வாட் மினி பிசி என்றால் 26 பவுண்டு.

இங்கே இருட்டுதான் பெரிய எதிரி. டிசம்பரில் லண்டனில் நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும், பார்சல் அதற்குப் பிறகும் வரும். வெப்கேமுக்கு இரவுப் பார்வை கிடையாது. அகச்சிவப்பு விளக்கு வாங்கி வைத்தும் பயனில்லை, லென்ஸுக்குப் பின்னால் உள்ள வடிகட்டி அந்த ஒளியைத் தடுத்துவிடும். ஜன்னலுக்கு உள்ளே வைப்பதால் அறை விளக்கு கண்ணாடியில் தெரியும், இரட்டைக் கண்ணாடியில் இரண்டு தடவை தெரியும். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, சுற்றிலும் கறுப்புத் துணியோ ஃபோமோ அடைத்துவிடுங்கள். வெளியே பேட்டரியில் ஓடும் அசைவு விளக்கு ஒன்றை ஒட்டுங்கள். சுவரில் துளை போடுவது என்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கேமராவின் ‘லோ லைட் காம்பென்சேஷன்’ வசதியை அணையுங்கள். அது படவேகத்தைக் குறைத்து வெளிச்சம் சேர்க்கும். படம் பளிச்சென்று இருக்கும், திருடன் முகம் மட்டும் இழுத்துவிட்ட மை மாதிரி இருக்கும்.

ஊரில் யாரும் கேட்காத ஒன்று இங்கே கேட்பார்கள். உங்கள் எல்லைக்குள் மட்டும் படம் பிடித்தால் பிரச்சினையில்லை. நடைபாதையோ பக்கத்து வீட்டு வாசலோ விழுந்தால் யூகே ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவு விதிகளும் 2018 தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உங்கள்மேல் வரும்: கேமரா இருப்பதைச் சொல்லும் பலகை வைக்க வேண்டும், தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, படத்தில் உள்ளவர் கேட்டால் ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். டெரஸ் வீட்டு வாசல் நடைபாதையை ஒட்டியே இருக்கும். அதனால் கேமராவைப் படியை நோக்கிக் கீழே சாய்த்து, மீதியை மென்பொருளில் கறுப்பு மறைப்பு போட்டு மூடுங்கள்.

மைக்கைக் கட்டாயம் அணையுங்கள். 2021-இல் ஆக்ஸ்போர்டு கவுண்டி நீதிமன்றம், அண்டை வீட்டுக்காரரின் டோர்பெல், கேமரா வழக்கில் காட்சியைவிட ஒலிப்பதிவைத்தான் பெரிய அத்துமீறலாகப் பார்த்தது. கூடத்திலும் சமையலறையிலும் வைப்பதானால் கூட இருக்கும் இருவரிடமும் முதலில் கேளுங்கள். படுக்கையறை, குளியலறைப் பக்கம் திருப்பவே கூடாது.

இன்னொன்று: அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை இரண்டு மணி மறுபடி ஒன்றாகும். மென்பொருள் உள்ளூர் நேரத்தைக் கோப்புப் பெயராக வைத்தால் அந்த ஒரு மணி நேரப் பதிவின்மேல் அடுத்தது எழுதப்படலாம். கோப்புப் பெயரைக் கோடை, குளிர் என்று மாறாத உலகப் பொது நேரமான யூடிசிக்கு மாற்றிவையுங்கள். போலீசுக்குக் கிளிப் கொடுக்கும்போது, கோடைக்காலத்துப் பதிவென்றால் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.