எவரெஸ்டா, சிம்பராசோவா? கேட்டவையும் சொன்னவையும்

கே: சார், உலகிலேயே உயரமான மலை எவரெஸ்ட் என்று எழுதினேன். வினாடி வினா நடத்தியவர் சிம்பராசோ என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். நியாயமா?

ப: அழுகுணி ஆட்டம். கடல் மட்டத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட்தான், 8,849 மீட்டர். ஈக்குவடாரில் உள்ள சிம்பராசோ 6,263 மீட்டர். ஆனால் பூமி இடுப்புப் பகுதியில் சற்றுப் பிதுங்கியிருக்கிறது. சிம்பராசோ நிலநடுக்கோட்டை ஒட்டி அந்தப் பிதுக்கத்தின் மேலேயே நிற்கிறது. அதனால் பூமியின் மையத்திலிருந்து அளந்தால் எவரெஸ்டைவிட அதன் உச்சி சுமார் 2 கி.மீ. அதிகத் தொலைவில் இருக்கும். எங்கிருந்து அளப்பது என்று சொல்லாமல் கேட்டால் உங்கள் பதில்தான் சரி.

கே: உலகை முதலில் கப்பலில் சுற்றி வந்தவர் மெகல்லன்தானே?

ப: புறப்பட்டவர் அவர். திரும்பி வரவில்லை. 1519-ல் ஸ்பெயினிலிருந்து ஐந்து கப்பல்கள், சுமார் 270 பேர். 1521 ஏப்ரல் 27 அன்று பிலிப்பைன்ஸின் மக்தான் தீவில் நடந்த சண்டையில் மெகல்லன் இறந்தார். மிஞ்சிய விக்டோரியா கப்பலை 1522 செப்டம்பரில் கரை சேர்த்தவர் எல்கானோ. அவரையும் சேர்த்து வந்தவர்கள் 18 பேர்.

இதில் யாரும் கேட்காத ஒரு விஷயம் உண்டு. திரும்பும் வழியில் கேப் வெர்டே தீவுகளில் இறங்கியவர்கள் கிழமையை விசாரித்தார்கள். வியாழன் என்றார்கள் கரையில் இருந்தவர்கள். கப்பல் கணக்கிலோ புதன்! தினமும் குறிப்பெழுதி வந்த பிகாஃபெட்டாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மேற்கு நோக்கியே போனதில் ஒரு நாள் கணக்கிலிருந்து நழுவியிருந்தது.

கே: ஜூல்ஸ் வெர்னின் எண்பது நாள் உலகப் பயணக் கதையில் ஒரு நாள் கூடுதலாக அல்லவா கிடைக்கிறது? உதைக்கிறதே!

ப: உதைக்காது. 1873-ல் வந்த அந்த நாவலில் கதாநாயகன் ஃபாக் போவது கிழக்கே: சூயஸ், பம்பாய், கல்கத்தா, ஹாங்காங், யோகோஹாமா, அமெரிக்கா. கிழக்கே போகிறவருக்கு ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் நாள் சுருங்கும். 360 டிகிரிக்கு 1,440 நிமிடம், அதாவது ஒரு முழு நாள். அவர் 80 நாள் எண்ணி முடித்தபோது லண்டனில் 79 தான் ஆகியிருந்தது.

கே: அண்ணா, பீச் மெல்பாவில் மெல்பா என்பது என்ன பழம்?

ப: பழமில்லை தம்பி, பாடகி. ஆஸ்திரேலியாவின் நெல்லி மெல்பா. 1890-களில் லண்டன் சவாய் ஹோட்டலில் சமையல் மேதை எஸ்காஃபியே அவருக்காகச் செய்தது: வெனிலா ஐஸ்கிரீம் மேல் பீச் பழம், பனிக்கட்டியில் செதுக்கிய அன்னத்தில் வைத்துப் பரிமாறினார். ராஸ்பெரி கூழ் பிற்பாடு சேர்ந்தது. இதே மெல்பா 1920 ஜூன் 15 அன்று செம்ஸ்ஃபோர்டில் மார்க்கோனி நிறுவனத்தின் ஒலிபரப்பிலும் பாடினார். வானொலி வரலாற்றில் அது ஒரு மைல்கல்.

கே: வானொலி என்றதும் கேட்கிறேன். அகில இந்திய வானொலி இருக்க, அந்தக் காலத்தில் எல்லோரும் ஏன் கொழும்பைத் திருப்பினார்கள்?

ப: சினிமாப் பாட்டுக்காக. 1952-ல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குத் திரையிசை பிடிக்காது. வானொலியில் சாஸ்திரிய சங்கீதம்தான் என்று பிடிவாதமாக இருந்தார். கொழும்பு சும்மா இருக்குமா? போர்க்காலத்தில் நேச நாட்டுப் படைகளுக்காக நிறுவிய சக்திவாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி இலங்கை வானொலியின் கையில் இருந்தது. அமீன் சயானியின் பினாகா கீத்மாலா என்ற இந்தித் திரைப்பாட்டு நிகழ்ச்சியை பம்பாயில் பதிவு செய்து, நாடாவைக் கொழும்புக்கு அனுப்பி, அங்கிருந்து இந்தியாவுக்கே ஒலிபரப்பினார்கள். தமிழ்ப் பாட்டுக்குக் கொழும்பின் தமிழ்ச் சேவை இருந்தது. விளம்பரக் காசும் அங்கேதான் போனது. 1957 அக்டோபர் 3 அன்று அகில இந்திய வானொலியின் பொழுதுபோக்குச் சேவையான விவித் பாரதி பிறந்தது இந்தப் போட்டியில்தான்.

கே: ராபின்சன் குரூசோ தீவு நிஜமாகவே உண்டா?

ப: உண்டு, சிலி நாட்டுக்குச் சொந்தமாகப் பசிபிக்கில். 1704 முதல் 1709 வரை, குரூசோ கதைக்குத் தூண்டுகோல் என்று சொல்லப்படும் அலெக்சாண்டர் செல்கர்க் என்ற மாலுமி தனியாக வாழ்ந்த தீவு அது. 1966-ல் அதற்குக் குரூசோ பெயரைச் சூட்டினார்கள். செல்கர்க்கின் பெயர் போனது 150 கி.மீ.க்கு மேல் தள்ளியுள்ள வேறொரு தீவுக்கு. கதைப்படி குரூசோ ஒதுங்கியதோ அட்லாண்டிக் பக்கம், ஓரினோகோ ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே!