முழங்கால் ஜவ்வு கிழிந்தால் செய்யும் நுண்துளை அறுவை சிகிச்சை என்பது என்ன?

பேச்சுவழக்கில் ‘ஜவ்வு’ என்று சொல்லப்படும் லிகமென்ட், ஓர் எலும்பை இன்னோர் எலும்போடு கட்டிவைக்கும் உறுதியான நார். மூட்டைத் திறக்காமல், சுமார் ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள துளைகளின் வழியே ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள கேமரா குழாயையும் கருவிகளையும் செலுத்தி, உப்புநீரால் மூட்டை விரித்து, திரையில் பார்த்தபடியே அதைச் சீரமைப்பதுதான் இந்த ஆர்த்ரோஸ்கோப்பி முறை.

அடிக்கடி கிழிவது மூட்டின் நடுவில் குறுக்காக ஓடும் முன் சிலுவை நார். தோலில் காயம் பட்டால் இரத்தம் உறைந்து, அந்த உறைவின் மேல் புதுத் திசு வளரும். மூட்டுத் திரவத்துக்குள் அவ்வாறு உறைவு நிலைப்பதில்லை என்பதால், முழுதாக அறுந்த இந்த நார் பெரும்பாலும் தானாக ஒட்டுவதில்லை. ஆகவே வழக்கமாகத் தைப்பதற்குப் பதிலாக, தொடையின் பின்புறத்திலிருந்தோ முழங்கால் சில்லின் கீழிருந்தோ எடுத்த தசைநாணைப் புது நாராகப் பொருத்துகிறார்கள்.

கால்சட்டையின் இடுப்பு மடிப்புக்குள் ஓடும் நாடா அறுந்தால் தையலைப் பிரிக்காமல், ஊக்கில் புது நாடாவைக் கோத்து மறுமுனையில் இழுப்போம் அல்லவா? இங்கே அந்த மடிப்பின் இடத்தில் தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் துளையிட்ட பாதை இருக்கிறது. நாரின் இரு முனைகளும் திருகாலோ சிறு பொத்தானாலோ இறுக்கப்படுகின்றன.

தழும்பு சிறியது என்பதால் குணமும் விரைவில் வந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் புது நார் எலும்போடு பிணைந்து வலுப்பெறப் பல மாதங்கள் ஆகும், ஓடித் திரும்பும் விளையாட்டுகளுக்குப் பொதுவாக 9 மாதங்களாவது காத்திருக்க வேண்டும்.