சப்டைட்டிலில் விழாத பிரான்ஸ்

கேள்வி: எம்.ஏ. படிக்கிறேன், பிரெஞ்சு தெரியாது. 'லா ஹேன்', 'தீபன்' இரண்டையும் வைத்து இன்றைய பிரெஞ்சு சினிமா பற்றி எழுதிக் கொடுத்தேன். "கதைச் சுருக்கம்தான் இருக்கிறது, சமூகம் எங்கே?" என்று நெறியாளர் திருப்பித் தந்துவிட்டார். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: படங்களை மாற்ற வேண்டாம், நல்ல தேர்வுதான். பலர் 'புதிய அலை' என்ற அறுபதுகளின் பிரெஞ்சு சினிமாப் போக்கில் ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நீங்கள் ஒரே ஒரு காட்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

'லா ஹேன்' (1995) படத்தில், ஏழைகளும் குடியேறிகளும் வாழும் புறநகர் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து மூன்று இளைஞர்கள் பாரிசுக்கு வருகிறார்கள். அங்கே ஒரு போலீஸ்காரரிடம் பேசிவிட்டு வரும் சயீத், இங்கே போலீஸ் என்ன மரியாதை, என்னை 'வூ' போட்டுப் பேசினார் என்று அசந்துபோகிறான். பிரெஞ்சில் 'து' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்கள். ஆங்கிலத்தில் இரண்டும் 'யூ'தான் என்பதால் சப்டைட்டில் அதைச் சுற்றி வளைத்துத்தான் சொல்ல முடியும், ஆனால் தமிழில் யோசிக்கிற உங்களுக்கு விளக்கமே வேண்டாம். ஒரு 'நீங்கள்' கிடைத்ததற்கே இவ்வளவு வியப்பு என்றால், அவன் தெருவில் போலீஸ் அவனை எப்படிக் கூப்பிடும் என்று கேளுங்கள், சமூகம் அங்கே வந்துவிடும்.

அப்புறம் காட்சிக்குப் பின்னால் இருக்கும் ஆண்டுக்குப் போங்கள். 1993 ஏப்ரலில், பாரிஸின் 18ஆவது வட்டாரக் காவல் நிலையத்தில், விசாரணையில் இருந்த மகோமே எம்போவோலே என்ற 17 வயதுப் பையன் சுடப்பட்டு இறந்தான். இயக்குநர் மத்தியூ காசொவிட்ஸ் படத்தை எழுதத் தூண்டியது அந்தச் சாவு. படம் வெளிவந்த பிறகு பிரதமர் அலென் ஜூப்பே தன் அமைச்சர்களுக்கே அதைத் திரையிட வைத்தார். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: பிரான்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனம், மதம் கேட்பதில்லை, குடியரசின் முன் எல்லோரும் குடிமக்கள் மட்டுமே என்பது அவர்கள் கொள்கை. கணக்கில் வராத அந்த வேறுபாடு, யாரைப் போலீஸ் நிறுத்துகிறது, யார் எந்த மாடிக் குடியிருப்பில் வாழ்கிறார் என்று திரையில் தெரிகிறது. இந்தப் படங்களின் பலம் அதுதான் என்று நினைக்கிறேன்.

'தீபன்' (2015) விஷயத்தில் உங்கள் நெறியாளருக்கே இல்லாத வசதி உங்களுக்கு இருக்கலாம். கான் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கப்பனையை வாங்கிய இந்தப் படத்தில் பெரும்பகுதி தமிழ். பிரெஞ்சுக்காரர்கள் வாசித்துத் தெரிந்துகொண்டதை நீங்கள் நேரடியாகக் கேட்கிறீர்கள். தீபனாக நடித்த ஷோபாசக்தி சிறுவயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்து பிறகு பிரான்சில் அகதியானவர், நம் முக்கியமான எழுத்தாளர். அவர் பேசும் தமிழ் எந்த ஊர்த் தமிழ், கதையில் பிரான்சில் புகலிடம் பெறுவதற்காக அவர் மனைவிபோல் நடிக்கும் பெண்ணிடம் தொனி எங்கே மாறுகிறது என்று குறித்துக்கொண்டே பாருங்கள். படத்தோடு சண்டையும் போடுங்கள்: குடியிருப்பு முழுக்கப் போதைமருந்தும் துப்பாக்கியும், கடைசியில் இங்கிலாந்தில் மட்டும் பச்சைப்பசேல் அமைதி. இது யார் கண்ணில் தெரியும் புறநகர்?

ஒப்பிட மூன்றாவதாக லொராந் காந்தேயின் 2008 படம், 'தி கிளாஸ்' என்ற பெயரில் தேடலாம். பள்ளி ஒழுங்கு விசாரணையில் மாணவன் சுலைமானின் அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது, தன்னை வெளியே அனுப்பலாமா என்ற பேச்சை அந்தப் பையனே அம்மாவுக்கு மொழிபெயர்க்கிறான். நான்கைந்து முறை பார்க்க வேண்டிய காட்சி.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு பத்தி போதும். பிரான்சில் விற்கும் ஒவ்வொரு சினிமா டிக்கெட்டிலும் 10.72 சதவீதம் வரியாகப் போய், தேசிய சினிமா மையம் வழியாகத் திரைத்துறைக்கே திரும்புகிறது, ஹாலிவுட் படத்துக்கு விற்ற டிக்கெட் உட்பட.

சரி, திரும்ப எழுதும்போது முதல் பத்தியிலேயே அந்த 'வூ'வை வையுங்கள். கதைக்கு இரண்டு வரிக்கு மேல் ஒதுக்க வேண்டாம்.